யாருக்கு அதிக வாக்கு? கொப்பியில் கணக்குப் பார்க்கும் முறை

ஒரு சீ.ஆர். கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை நெடுக்காக மூன்று நிரல்களாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முதல் நிரல் மற்ற இரண்டையும் விட நல்ல அகலமாக இருக்க வேண்டும். இலக்கங்கள் வருவது பின்னுக்குத்தான். நாம் அதிகம் எழுதப்போவது அந்த முதல் நிரலில்.

நான் பல வருடங்கள் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் வேலை செய்தேன். இப்போது சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஐந்தாறு இளம் செய்தியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் ஒருத்தி அண்மையில் கேட்டாள்: “மிஸ், அமெரிக்க ஜனநாயகக் கட்சியின்ர 2008 உட்கட்சித் தேர்தல்ல ஹிலாரிக்குத்தான் ஒபாமாவை விடக் கூட வாக்கு எண்டு ஒரு இடத்தில கிடக்கு. இல்லை எண்டு இன்னொரு இடத்தில கிடக்கு. எதை எழுதுறது?”

இரண்டும் பொய் இல்லை. அதுதான் சிக்கல். 2008 ஜூன் மாதத்தில் அதே சிக்கலில் நானே தவறு விட்டிருக்கிறேன். அந்தத் தவறிலிருந்துதான் இந்த முறையைக் கற்றுக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் இரவு வேலை முடிந்தாலும் வெளிச்சம் வரும்வரை நாங்கள் அலுவலகத்திலேயே இருப்போம். வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. தமிழ் அடையாள அட்டையோடு ஒரு பெண் நடுச்சாமத்தில் ஓட்டோவில் போவது வீட்டாருக்கும் பயம், எனக்கும் பயம். அமெரிக்காவில் வாக்களிப்பு முடிவது நமக்கு விடிகிற நேரம் என்பதால் அந்தத் தேர்தலை முழுக்க முழுக்கக் கண்விழித்துப் பார்த்தேன். புவேர்ட்டோ ரிக்கோவில் ஹிலாரி கிளின்டன் பெரிதாக வென்ற அடுத்த நாள், “மக்கள் வாக்கில் ஹிலாரி முன்னிலை” என்று தலைப்புப் போட்டேன். அவருடைய பிரசாரக் குழு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குக் கணக்கும் இருந்தது.

பேப்பர் வந்த காலையிலேயே கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற கணக்காளர் என்று சொன்னார். கோபப்படவில்லை. “பிள்ளை, மிச்சிகன்ல ஒபாமாவின்ர பெயர் வாக்குச்சீட்டிலயே இல்லையே. அந்த வாக்கையும் சேர்த்தே கூட்டினனீங்கள்? வரவு எங்கயிருந்து வந்தது எண்டு எழுதாமல் தொகையை மட்டும் எழுதுறது கணக்கில்லை” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று இரவே இந்த மூன்று நிரல் கோட்டைப் போட்டேன்.

முதலில் எதை எண்ணுகிறோம் என்று பார்ப்போம். நம் நாட்டில் ஒரு கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சியின் மேல்மட்டம் தீர்மானிக்கும். 2019 இல் சஜித் பிரேமதாசவை ஐக்கிய தேசியக் கட்சியின் செயற்குழு தீர்மானித்தது போல. அமெரிக்காவில் அதைக் கட்சி ஆதரவாளர்களே மாநிலம் மாநிலமாக, ஜனவரி அல்லது பெப்ரவரியிலிருந்து ஜூன் வரை வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். சில மாநிலங்களில் சாதாரணமாக வாக்குப்பெட்டியில் போடும் முதன்மைத் தேர்தல். சில மாநிலங்களில் கோக்கஸ், அதாவது மாலையில் பாடசாலையிலோ தேவாலய மண்டபத்திலோ கூடி ஆதரவைக் காட்டும் கூட்டம். இரண்டிலும் கடைசியில் கிடைப்பது பேராளர்கள். கட்சி மாநாட்டில் யாருக்குப் பேராளர்கள் பெரும்பான்மையோ அவரே வேட்பாளர். நாடு முழுவதும் விழுந்த வாக்குகளின் கூட்டுத்தொகை சட்டப்படி எதையும் தீர்மானிப்பதில்லை. யாரும் அதை அதிகாரபூர்வமாகக் கூட்டி அறிவிப்பதும் இல்லை. செய்தி நிறுவனங்களும் தளங்களும் தாங்களாகக் கூட்டிப் போடுவதுதான். ஆகவே ஒவ்வொரு கூட்டுத்தொகைக்குப் பின்னாலும் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யாரோ ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது. அந்த முடிவைத்தான் முதல் நிரலில் எழுதுகிறோம். வாக்கு வித்தியாசம் இரண்டாவது நிரலில்.

இனி 2008 பக்கத்தை நிரப்புவோம். பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கட்சி விதித்த திகதிக்கு முன்பே தேர்தலை வைத்ததற்காக மிச்சிகன், புளோரிடா இரண்டு மாநிலங்களினதும் பேராளர்களை ஜனநாயகக் கட்சி பறித்தது. வேட்பாளர்கள் அங்கே பிரசாரம் செய்யவில்லை. மிச்சிகனில் ஒபாமா தன் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டார், கிளின்டன் எடுக்கவில்லை. 2008 ஜனவரி 15 அன்று அங்கே கிளின்டனுக்கு 328,309 வாக்குகள், ‘யாருக்கும் உறுதியில்லை’ என்ற கட்டத்துக்கு 238,168 வாக்குகள். புளோரிடாவில் எல்லாருடைய பெயரும் இருந்தது. ஜனவரி 29 அன்று கிளின்டனுக்கு 870,986, ஒபாமாவுக்கு 576,214. வித்தியாசம் 294,772.

இன்னொரு பக்கம், அயோவா, நெவாடா, மெய்ன், வோஷிங்டன் ஆகிய நான்கு கோக்கஸ் மாநிலங்கள் தலைக்கணக்கை வெளியிடவில்லை. பேராளர் விகிதத்தை மட்டும் சொன்னார்கள். இந்த நான்குக்கும் எத்தனை வாக்கு என்று மதிப்பிடத்தான் முடியும்.

அப்போது நாங்கள் எல்லாரும் பார்த்தது ரியல்கிளியர்பொலிட்டிக்ஸ் தளத்தின் கூட்டல். அதன் இறுதி இலக்கங்களின்படி புளோரிடாவைச் சேர்த்து, மிச்சிகனையும் அந்த நான்கு மாநிலங்களையும் விட்டால் ஒபாமா 17,535,458, கிளின்டன் 17,493,836. இங்கிருந்து ஒவ்வொரு பெட்டியாகச் சேர்த்தும் எடுத்தும் நீங்களே வரிகளைப் போடலாம். என் கொப்பியில் இப்படி இருக்கிறது:

புளோரிடா, மிச்சிகன், நான்கு கோக்கஸ் மாநிலங்கள் எதுவும் இல்லாமல்: ஒபாமா 336,394 கூட.

புளோரிடா மட்டும் சேர்த்து: ஒபாமா 41,622 கூட.

புளோரிடாவும் நான்கு மாநில மதிப்பீடும் சேர்த்து: ஒபாமா 151,844 கூட.

புளோரிடாவும் மிச்சிகனும் சேர்த்து, மதிப்பீடு இல்லாமல்: கிளின்டன் 286,687 கூட.

எல்லாம் சேர்த்து, மிச்சிகனில் ஒபாமாவுக்குப் பூச்சியம்: கிளின்டன் 176,465 கூட.

எல்லாம் சேர்த்து, மிச்சிகனின் ‘யாருக்கும் உறுதியில்லை’ வாக்குகளை ஒபாமாவுக்குக் கொடுத்தால்: ஒபாமா 61,703 கூட.

ஆறு வரி. நான்கில் ஒபாமா, இரண்டில் கிளின்டன். ஒரு வாக்குச்சீட்டும் மாறவில்லை. வகுப்பில் இதைப் போட்டுக் காட்டும்போது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அவசரப்படுத்தாமல் அவர்களே கழித்துப் பார்க்க விடுவேன். இரண்டாவது வரியிலிருந்து நான்காவதற்கு எப்படிப் போனோம்? 328,309 இலிருந்து 41,622 ஐக் கழியுங்கள், 286,687 வருகிறது. ஐந்திலிருந்து ஆறுக்கு? 238,168 இலிருந்து 176,465 ஐக் கழியுங்கள். இப்படி ஒரு வரியிலிருந்து மற்ற வரிக்குப் போகும் கழித்தலைக் கையால் செய்து பார்த்தவர்கள், பிறகு யாராவது ஒரு தொகையைச் சொன்னால் “மிச்சிகன் உள்ளுக்கோ வெளியிலயோ?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சரி, ஆறில் எதைத் தலைப்பாகப் போடுவது? என் தீர்ப்பை மறைக்க மாட்டேன். நான் மூன்றாவது வரியைப் போடுவேன். புளோரிடாவில் எல்லாப் பெயர்களும் சீட்டில் இருந்தன, பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து வாக்களித்தார்கள். அவர்களை இல்லையென்று ஆக்க எனக்கு மனம் வராது. கோக்கஸுக்குக் குளிரில் வந்து நின்றவர்களும் வாக்காளர்கள்தான், மதிப்பீடாக இருந்தாலும் அவர்கள் உள்ளே வர வேண்டும். ஆனால் ஒருவரின் பெயரே இல்லாத இடத்தில் ‘வித்தியாசம்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. அதே நேரம் மிச்சிகனின் 328,309 பேரும் உண்மையான மனிதர்கள். அவர்களை அடுத்த வாக்கியத்திலேயே எழுத வேண்டும், கடைசிப் பந்தியில் ஒளிக்கக் கூடாது. இதில் நீங்கள் என்னோடு உடன்படத் தேவையில்லை. எந்த வரி என்பதை வாசகருக்குச் சொன்னால் போதும்.

மதிப்பீட்டை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அயோவாவை எடுப்போம். 2008 ஜனவரி 3 அன்று ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களுக்கு ஏறக்குறைய 239,000 பேர் வந்தார்கள். ஒபாமாவுக்கு 37.6 சதவீதம், கிளின்டனுக்கு 29.5. வந்தவர்களின் தொகையை 8.1 சதவீதத்தால் பெருக்கினால் 19,000 சொச்சம் வரும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்தச் சதவீதம் தலைகளின் சதவீதம் இல்லை, மாநிலப் பேராளர்களின் சதவீதம். ஒரு கூட்டத்தில் 15 சதவீதம் கிடைக்காதவரின் ஆதரவாளர்கள் வேறு பக்கம் போய் நின்ற பிறகு எடுத்த விகிதம் அது. ஆகவே இந்த 19,000 ஐப் பேனையால் எழுதாதீர்கள். கொப்பியில் மதிப்பீடுகளுக்கெல்லாம் பென்சில், எண்ணிய வாக்குக்குப் பேனை. நான் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன்.

தலையை எண்ணுவதும் பேராளரை எண்ணுவதும் எவ்வளவு விலகலாம் என்பதை அயோவாவே 2020 ஜனநாயகக் கட்சிக் கோக்கஸில் காட்டியது. அந்த ஆண்டு முதன்முறையாகத் தலைக்கணக்கையும் வெளியிட்டார்கள். முதல் சுற்று நிற்பில் பேர்னி சாண்டர்ஸ், பீட் பூட்டிஜெஜ்ஜை விட ஏறக்குறைய 6,000 வாக்குகள் கூட. 15 சதவீதம் கிடைக்காதவர்களின் ஆதரவாளர்கள் இடம் மாறிய பிறகு அது ஏறக்குறைய 2,500 ஆகக் குறைந்தது. மாநிலப் பேராளர் கணக்கில் பூட்டிஜெஜ் மயிரிழையில் முன்னுக்கு. கட்சி மாநாட்டுக்குப் போகும் தேசியப் பேராளர்கள் அவருக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. “அயோவாவில் வென்றவர் யார்?” என்ற கேள்விக்கு எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு பதில்.

நமக்கு இது புதிதல்ல. 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915, சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. வித்தியாசம் 1,271,880. விருப்பு வாக்குகளைச் சேர்த்த பிறகு 5,740,179 உம் 4,530,902 உம். வித்தியாசம் 1,209,277. இரண்டும் சரியான இலக்கங்கள். எந்தச் சுற்று என்று எழுதாமல் ஒன்றை மட்டும் போட்டால் மற்றதைப் பார்த்தவர் உங்களைப் பொய்யர் என்பார். அயோவாவின் இரண்டாம் நிற்பைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டுமானால் எங்கள் விருப்பு வாக்கைச் சொல்லித் தொடங்குங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது, வாக்கு வித்தியாசத்துக்குப் பக்கத்தில் பேராளர் வித்தியாசத்தையும் எழுதும் பழக்கம். மூன்றாவது நிரல் அதற்குத்தான். 2008 பெப்ரவரி 5 அன்று நியூ ஜேர்சியில் கிளின்டன் 1 இலட்சத்து 12 ஆயிரம் வாக்குகளால் வென்றார். பேராளர் 59க்கு 48, அதாவது 11 கூட. அதே நாள் ஐடஹோ கோக்கஸில் ஒபாமா 13 ஆயிரம் சொச்சம் வாக்குகளால் வென்றார். பேராளர் 15க்கு 3, அதாவது 12 கூட. முந்திய வித்தியாசம் கொழும்பில் ஒரு பெரிய தொகுதியின் சனத்தொகை அளவு, பிந்தியது சில தெருக்களின் அளவு. பேராளர் தட்டில் இரண்டாவதுதான் ஒன்று கனம். முதன்மைத் தேர்தலுக்கு வருபவர்களை விடக் கோக்கஸுக்கு வருபவர்கள் பொதுவாக மிகக் குறைவு. ஆகவே நாடளாவிய வாக்குகளைக் கூட்டும்போது கோக்கஸ் மாநிலங்களின் குரல் மெலிந்துபோகிறது. ஒபாமா அணி திட்டமிட்டே கோக்கஸ் மாநிலங்களில் உழைத்தது. வாக்கு வித்தியாசத்தைச் சேர்ப்பது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை. விளையாட்டின் விதி பேராளர் என்று தெரிந்து விளையாடியவர்களை வேறு விதியால் பிறகு அளக்கும்போது இதையும் ஒரு வரி சொல்ல வேண்டும்.

டெக்சாஸ் இன்னும் வேடிக்கையான மாநிலம். மார்ச் 4 அன்று காலையிலிருந்து முதன்மைத் தேர்தல், அன்று இரவே கோக்கஸ். வாக்குப்பெட்டியில் கிளின்டன் ஏறக்குறைய ஒரு இலட்சம் வாக்குகளால் வென்றார், அதில் பேராளர் 65க்கு 61. கோக்கஸில் ஒபாமாவுக்கு 38, கிளின்டனுக்கு 29. மொத்தம் ஒபாமா 99, கிளின்டன் 94. நாங்கள் “டெக்சாஸ் ஹிலாரிக்கு” என்றுதான் அச்சடித்தோம். வாக்கைச் சொன்னோமா பேராளரைச் சொன்னோமா என்று அந்தத் தலைப்பில் யாருக்கும் விளங்கியிருக்காது.

வோஷிங்டன் மாநிலத்தை ஒவ்வொரு புது மாணவருக்கும் வீட்டுவேலையாகக் கொடுப்பேன். 2008 பெப்ரவரி 9 கோக்கஸில் ஒபாமா 68, கிளின்டன் 31 சதவீதம். பத்து நாள் கழித்து, பேராளர் எதுவும் கிடைக்காத ஒரு முதன்மைத் தேர்தலையும் அதே மாநிலம் நடத்தியது. அதில் ஒபாமா 51, கிளின்டன் 46. 37 புள்ளி வித்தியாசம் 5 புள்ளியாகிவிட்டது. கூட்டுத்தொகையில் எதைச் சேர்ப்பீர்கள்? முதலாவது முடிவெடுத்தது, ஆனால் ஆட்கள் குறைவு. இரண்டாவதில் ஆட்கள் அதிகம், ஆனால் அது எதையும் முடிவெடுக்கவில்லை. பிள்ளைகள் இதில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும். நான் கோக்கஸை எடுப்பேன், மற்றதை அடைப்புக்குறிக்குள் வைப்பேன்.

சதவீதத்தில் மட்டும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, புள்ளியும் சதவீதமும் ஒன்றல்ல. 46 இலிருந்து 51க்கு உள்ள தூரம் 5 புள்ளி. “5 சதவீத வாக்கு கூட” என்று எழுதினால் வேறு பொருள். மற்றது, எதனால் வகுத்தீர்கள் என்பது. இருவரின் வாக்குகளால் மட்டும் வகுக்கிறீர்களா, விலகிய வேட்பாளர்களின் வாக்குகளையும் சேர்த்தா? நெருக்கமான போட்டியில் வகுத்தியைச் சொல்லிவிடுங்கள். 41,622 ஐ இருவரின் கூட்டுத்தொகையான 35,029,294 ஆல் வகுத்தால் 0.12 சதவீதம். ஆயிரம் பேர் அளவில் இருக்கும் கலியாண மண்டபத்தில் ஒரு பக்கத்தில் ஓராள் மட்டும் கூட இருப்பது மாதிரி. இந்த உவமையை எழுதினால் வாசகர் இலக்கத்தை மறந்தாலும் அளவை மறக்க மாட்டார்.

இனிச் சொல்லப்போவதில்தான் என் மனம் அதிகம் கிடக்கிறது. விழாத வாக்குகளை என்ன செய்வது?

புளோரிடாவில் “உங்கள் வாக்கு எண்ணப்படாது” என்று கேள்விப்பட்டு வீட்டிலேயே இருந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எந்த வரியிலும் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 2005 நவம்பர்தான் ஞாபகம் வரும். அந்த ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ஷவுக்கு 4,887,152, ரணில் விக்ரமசிங்கவுக்கு 4,706,366. வித்தியாசம் 180,786. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவு செய்திருந்தவர்கள் ஏழு இலட்சத்துக்கும் மேல். விடுதலைப் புலிகள் திணித்த பகிஷ்கரிப்பில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். நான் வெள்ளவத்தையில் வாக்களித்தேன். அம்மா நல்லூரில் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தா. “போகலாம் எண்டு ஆர் சொல்லுறது பிள்ளை?” என்று தொலைபேசியில் கேட்டா. அம்மாவின் வாக்கு எந்தக் கூட்டலிலும் இல்லை.

அதற்காக “அவர்கள் வாக்களித்திருந்தால் முடிவு மாறியிருக்கும்” என்று ஒரு தொகையை நான் உருவாக்க மாட்டேன். விழாத வாக்கை எந்த வேட்பாளரின் பெயருக்கு எதிரேயும் எழுத எனக்கு உரிமை இல்லை, அம்மாவின் வாக்கைக்கூட. ஆனால் பதிவு செய்தவர்கள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை, வராததற்கான காரணம் என்ன என்று முதல் நிரலில் எழுதலாம். எழுத வேண்டும். புளோரிடாவுக்கும் அதேதான். கொப்பியில் அந்த இடத்தில் ஒரு சிறு வெற்றுக் கட்டம் போட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதுவேன். கட்டத்துக்குள் இலக்கம் எழுதுவதில்லை.

மற்றவை சில்லறை விஷயங்கள். புவேர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற பிரதேசங்களில் உள்ளவர்கள் நவம்பர் தேர்தலில் வாக்களிக்க முடியாது, ஆனால் உட்கட்சித் தேர்தலில் முடியும். ஆகவே அவை தனிப் பெட்டி. 2008 இல் குவாமில் ஒபாமா 7 வாக்குகளால் வென்றார். புவேர்ட்டோ ரிக்கோவில் கிளின்டனின் வித்தியாசம் 1 இலட்சத்து 42 ஆயிரம் அளவு. மேலே ஐந்தாவது வரியில் கிளின்டனுக்கு இருந்த 176,465 இல் எவ்வளவு அங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

நேரம். கிழக்குக் கரையில் இரவு எட்டு மணிக்கு வாக்களிப்பு முடிந்தால், அங்கே மணிக்கூட்டை முன்தள்ளும் மார்ச் மாதம்வரை நமக்கு மறுநாள் காலை 6.30, அதன் பிறகு 5.30. கலிபோர்னியா முடியும்போது இங்கே கந்தோர்கள் திறந்துவிடும். கலிபோர்னியாவில் தபால் வாக்குகளை வாரக்கணக்கில் எண்ணுவார்கள். முதல் நாள் காலை நீங்கள் எழுதிய வித்தியாசம் ஒரு மாதம் கழித்து அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் திகதி, கொழும்பு நேரம், எத்தனை சதவீத நிலையங்கள் எண்ணி முடிந்தன என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாக்கியம் எழுதலாம். 2008 ஜூன் 4 காலை, மொன்டானாவும் தென் டகோட்டாவும் முடிந்து, ஒபாமா தேவையான 2,118 பேராளர்களைத் தாண்டிய செய்தி வந்தபோது, இன்றைய அறிவோடு நான் எழுதியிருக்க வேண்டியது இப்படி: “பேராளர் கணக்கில் ஒபாமா வேட்பாளர் நிலையை உறுதிப்படுத்தினார். புளோரிடாவையும், தலைக்கணக்கு வெளியிடாத நான்கு மாநிலங்களின் மதிப்பீட்டையும் சேர்த்தால் அவர் ஒன்றரை இலட்சம் வாக்குகள் அளவில் முன்னிலை. ஒபாமாவின் பெயர் இல்லாத மிச்சிகனையும் சேர்த்தால் கிளின்டன் முன்னிலை.” மூன்று வாக்கியம், ஒரு சிறு பெட்டிச் செய்திக்குள் அடங்கும். இடமில்லை என்று பக்க வடிவமைப்பாளர் சொன்னால் படத்தைச் சுருக்கச் சொல்லுங்கள். நிபந்தனையை வெட்ட விடாதீர்கள்.

அந்தக் கணக்காளர் ஐயா அதற்குப் பிறகும் சில தடவை கூப்பிட்டார். பிழை பிடிக்க மட்டுமில்லை, கழித்தலைச் சரிபார்க்கவும். 2012 ஜனவரியில் அயோவாவில் குடியரசுக் கட்சிக் கோக்கஸ் முடிந்த காலை மிட் ரொம்னி 8 வாக்குகளால் முன்னிலை என்றார்கள். அன்றும் கூப்பிட்டு, “பிள்ளை, பேனையால எழுதிப்போடாதை” என்றார். இரண்டு வாரத்துக்குப் பிறகு, எட்டு நிலையங்களின் தாள்கள் கிடைக்காத நிலையிலேயே, ரிக் சன்டோரம் 34 வாக்குகளால் முன்னுக்கு என்று அறிவித்தார்கள்: 29,839க்கு 29,805. அந்தப் பக்கத்தில் பென்சிலால் எழுதிய 8 ஐ அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டேன். பக்கத்தில் 34, திகதி, “எட்டு நிலையங்கள் இல்லை”. சனிக்கிழமை வகுப்பில் கொப்பியைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.